ஷீட் எறக்க ரெண்டு நாளாகும்

அந்தச் சேர்ல உக்காருங்க தம்பி. இது காலு ஆடும், இதுல நான் உக்காந்துக்கறேன். ஹார்டுவேர் கடைக்காரர் காலையிலயே போன் பண்ணிட்டாருங்க. ஒருத்தர் பழைய வீடு வாங்கியிருக்காரு, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, எறக்கோணும்னு வருவாருன்னு சொன்னாரு. எந்த வீடுன்னீங்க? மில்லுக்குப் பின்னால, தண்ணி டேங்குக்கு எதுத்த சந்தா? அந்த ஷீட்டு நான் போட்டதுங்க. எண்பத்தெட்டோ ஒம்பதோ. அந்தச் சந்துல பதினோரு வீட்டுக்கு நான்தான் போட்டேன்.

ஒரே நாள்ல முடிச்சுத் தருவீங்களான்னு கேக்கறீங்க. மத்த ஆளுங்க அரை நாள்ல முடிப்பாங்க. மேல ஏறி சுத்தியல்ல நாலு போடு போட்டா ஷீட்டு ஒடஞ்சு வீட்டுக்குள்ளயே உளுந்துரும். கூட்டி அள்ளி டெம்போவுல ஏத்தி எங்கயாவது குளத்துமேட்டுல கொட்டிருவாங்க. நானும் முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் பண்ணினேன். இப்ப எனக்கு ரெண்டு நாளாகுமுங்க. வேற ஆளைக் கூப்பிட்டுக்கறதுன்னா கூப்பிட்டுக்கங்க, எனக்கு வருத்தமில்ல. ஆனா ஏன் ரெண்டு நாளுன்னு கேட்டுட்டீங்க. கேட்டதுக்குச் சொல்லோணுமில்லீங்களா.

எல்லாம் என்ற பொண்ணு பண்ணின வேலைங்க. சுகுணான்னு பேரு. ஒரே பொண்ணு. ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். அவளால எனக்கு வந்த சங்கடத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெளியாளு, அதனால சொல்றேன்.

எனக்கு ஆறுச்சாமின்னு பேருங்க. எண்பத்துமூணுல இந்த வேலைக்கு வந்தேன். அப்ப எல்லாரும் ஓட்டுக்கூரையைப் பிரிச்சுட்டு ஷீட்டுக்கு மாறுன காலம். ரம்பத்துல அறுப்போம், கொக்கி போல்ட்டுக்குத் துளை போடுவோம், அப்படியே மாவு மாதிரி கொட்டும். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. என்ற கூட வேலை பாத்த ராயப்பன் சொல்லுவான், நமக்குத் தினமும் பவுடர் பூசுன மாப்பிள்ளை அலங்காரம், அதுவும் ஓசியிலன்னு. அது கெடுதல்னு எங்களுக்கு யாரும் சொல்லலீங்க. கம்பெனிக்காரன் சொல்லல, கடைக்காரன் சொல்லல. சிமெண்டுன்னுதான் நெனச்சோம்.

எண்பத்தாறுல கல்யாணம். துளசிமணி. அவளுக்கு அப்ப இருபது வயசு. அவ அக்கா, அத்தை, சித்தி மக, எல்லாரும் மில்லு வேலைங்க. இவளும் போறேன்னு நின்னா. நான் விடல. மில்லுல பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள்ள போயி மூச்சு வாங்கி வாங்கிச் செத்த பொம்பளைங்களை நான் கண்ணால பாத்திருக்கேன். என்ற பொண்டாட்டி அந்தத் தூசிக்குள்ள போயி நிக்க வேண்டாம், நான் சம்பாரிக்கறேன், நீ ஊட்டைப் பாருன்னுட்டேன். கடைசி வரைக்கும் அவளை நான் வேலைக்கு அனுப்பல தம்பி. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது ஒரு பெருமைதான்.

அவளும் சும்மா சொல்லக்கூடாதுங்க. சாயங்காலம் நான் வந்து பின்கட்டுல நிப்பேன். வந்து சட்டையைக் கழட்டிக்குவா. தலையைத் துண்டுல தட்டி விடுவா. துவைக்கிற கல்லு பக்கத்துல நின்னு சட்டையைப் புடிச்சு படார் படார்னு ஒதறுவா பாருங்க, சாமி, மேகம் மாதிரி கெளம்பும். ஒதறாம நனைச்சா கல்லு மாதிரி ஒட்டிக்குமாம், அப்பறம் அழுக்குப் போகாதாம். மூணு ஒதறு ஒதறித்தான் பக்கெட்டுல போடுவா. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள்கூட நான் அழுக்குச் சட்டையோட வேலைக்குப் போனதில்லீங்க. ராயப்பன் பொண்டாட்டி எல்லாம் அப்படியில்ல. அவனே துவைச்சுக்குவான். நான் அவனைக் கிண்டல் பண்ணுவேன்.

மூணு வருஷத்துக்கு முந்தி, ஆடி மாசம், துளசி வலது விலாவுல வலின்னா. அப்பறம் வறட்டு இருமல். நாலு படி ஏற முடியல. பக்கத்து டாக்டர் சளின்னு மருந்து குடுத்தாரு. ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. மூச்சு வாங்கறது நிக்கல. சுகுணா வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. நெஞ்சுல தண்ணி கோத்திருக்குதுன்னு ஊசி போட்டு எடுத்தாங்க. ஒன்றரை லிட்டர் தண்ணிங்க. எடுத்த அன்னைக்கு நல்லா இருந்தா. பத்து நாள்ல மறுபடியும் கோத்துக்கிச்சு. அப்பறம் உள்ள இருந்து துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க.

ரிசல்ட்டு வந்த அன்னைக்கு மூணு பேரும் டாக்டர் ரூமுல உக்காந்திருந்தோம். சின்ன வயசு டாக்டருங்க. பேப்பரைப் பாத்துட்டு துளசிகிட்ட கேட்டாரு, "அம்மா, நீங்க ஏதாவது ஃபேக்டரியில வேலை பாத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர். இவரு விடல."

"எங்கயுமே போகலயா?"

"ஊடுதானுங்க."

அவரு என் பக்கம் திரும்பினாரு. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஷீட்டுப் போடற வேலைங்க."

"என்ன ஷீட்டு?"

சொன்னேன். மறுபடியும் அந்தப் பேப்பரைப் பாத்தாரு. அப்பறம் ஒரு கேள்வி கேட்டாரு தம்பி. இவ்வளவு படிச்ச மனுசன், ஒரு பொம்பளை மூச்சு விட முடியாம முன்னால உக்காந்திருக்கா, அவரு கேட்ட கேள்வியைப் பாருங்க. "உங்க வேலைத் துணியை யாரு துவைப்பாங்க?"

துளசி சிரிச்சுக்கிட்டே சொல்றா, "நாந்தானுங்க டாக்டர். அவரு கையில துணி படவே விட்டதில்ல."

டாக்டர் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. சுகுணா என்னைத் திரும்பிப் பாத்தா. அவ அப்படி என்னைப் பாத்ததே இல்லீங்க. நான் சொன்னேன், "டாக்டர், அவ வெறகடுப்புல இருபது வருஷம் சமைச்சவ. புகை. அதைக் கேளுங்க. துணிக்கும் நெஞ்சுக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவரு மெதுவாச் சொன்னாரு. இந்த வகைப் புத்துநோய் அடுப்புப் புகையில வர்றதில்ல, இந்த ஷீட்டுத் தூசியிலதான் பெரும்பாலும் வரும், கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி உள்ள போயி நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவுல இருக்கிற சவ்வுல குத்திக்கிட்டு முப்பது வருஷம், நாப்பது வருஷம் கழிச்சுத்தான் வெளிய காட்டும்னு. அவரு புஸ்தகத்துல படிச்சதைச் சொல்றாரு. எங்க அடுப்படியை அவரு பாத்தாரா? சன்னல் கெடையாதுங்க. புகை அப்படி மூடும். கேஸ் வந்ததே ரெண்டாயிரத்து ஆறுல. நான் சொல்றது உங்களுக்குப் புரியுதில்ல?

பஸ்ல வரும்போது துளசி கேட்டா, "ஏனுங்க, அந்த டாக்டர் எதுக்குத் துணியைப் பத்திக் கேட்டாரு?" சும்மா கேட்டாருன்னேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அப்பறம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கல.

வீட்ல இருந்தா கையும் ஓடாது காலும் ஓடாதுங்க. எனக்குத் தெரிஞ்சது வேலைதான். ராயப்பனோட ஒரு கோழிப்பண்ணைக்குப் போனேன், பழைய ஷீட்டை ஒடச்சு மாத்தற வேலை. மூணாவது நாளு வந்து பின்கட்டுல நிக்கறேன். துளசி செவுத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டா. வேண்டாம்னுதானுங்க சொன்னேன். கேக்கல. சட்டையை வாங்கி ஒதறினா. ஒரு ஒதறுக்கு மேல தெம்பு இல்ல. அப்படியே கல்லு மேல உக்காந்துட்டா, சட்டையை மடியில வெச்சுக்கிட்டு.

அந்த நேரம் பாத்து சுகுணா வந்துட்டா.

கத்தவே இல்லீங்க அவ. ஒரு பக்கெட்டுத் தண்ணியை எடுத்து அந்தச் சட்டை மேலயே ஊத்தினா. அவங்கம்மா சீலையும் நனைஞ்சு போச்சு. சட்டையை எடுத்து ஒரு பையில போட்டு முடிச்சுப் போட்டா. அம்மாவை வேற சீலை மாத்தி உள்ள படுக்க வெச்சுட்டு வந்து வாசப்படியில நின்னு சொன்னா, "அப்பா, இனி இந்தத் துணியோட நீங்க உள்ள வரக்கூடாது. வேலை பாத்த எடத்துலயே கழட்டிட்டு, குளிச்சுட்டு, வேற துணியில வாங்க. இல்லீன்னா வராதீங்க."

நான் கட்டுன வீடுங்க. என்ற கையால பூசுன செவுரு. அந்த வாசல்ல என்ற பொண்ணு என்னை நிறுத்துனா. அன்னைக்குச் சோத்தைத் துவைக்கிற கல்லு மேல உக்காந்து தின்னேன். அவதான் கொண்டாந்து வெச்சா. அந்த வேதனை எனக்கு இன்னும் போகல தம்பி. ஒரு தகப்பனுக்கு இது தகுமான்னு நீங்களே சொல்லுங்க.

மறுநாள்ல இருந்து வேலைக்குப் போகல. அவ சொன்னதுக்காக இல்ல. துளசிக்குக் கூட ஆளு வேணுமில்லீங்களா.

தை மாசம் ரொம்ப முடியாமப் போச்சு. படுத்தா மூச்சு முட்டும். தலகாணி நாலு அடுக்கி சாஞ்சுக்கிட்டே இருப்பா. ஒரு மத்தியானம் நான் கஞ்சி ஊட்டிட்டு இருந்தேன். ரெண்டு வாய் வாங்கிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டா. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னா. "ஏனுங்க. சுகுணா என்ன சொன்னாலும் மனசுல வெச்சுக்காதீங்க. உங்க துணி துவைக்கறது எனக்கு ஒரு நாளும் கஷ்டமா இருந்ததில்ல."

பாவம், அவளுக்கு என்ன தெரியும். துணி துவைச்சே உடம்பு ஓஞ்சு போச்சுன்னு பொண்ணு சண்டை போடறான்னு நெனச்சுட்டா. வேலையைப் பத்திப் பேசறா. நான் சரி சரின்னு தலையை ஆட்டினேன். அதுக்கு எட்டாம் நாள் போயிட்டா.

காரியமெல்லாம் முடிஞ்சு, சித்திரையில ஒரு கோடை மழை. இந்த வீட்டுக்கும் அப்ப ஷீட்டுதானுங்க, தொண்ணூத்தொண்ணுல நான் போட்டது. சமையல்கட்டு மேல ரெண்டு மூணு எடத்துல விரிசல், ஓரமெல்லாம் பொரிஞ்சு உதிரும். ஒழுகுச்சு. தார் வெச்சு அடைச்சுக்கலாம்னு இருந்தேன். சுகுணா ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வந்துட்டா. அவளுக்கு அப்ப மூணு வயசுல ஒரு பாப்பா. "இந்தக் கூரை இருக்கற வரைக்கும் பாப்பா இங்க வரமாட்டாப்பா. எறக்கீரலாம். ஆனா இதுல எழுதியிருக்கிற மாதிரித்தான் எறக்கோணும்"னா.

எனக்கு வந்த கோவம் இருக்குதே. முப்பத்தெட்டு வருஷம் கூரை மேலயே வாழ்ந்தவன் நான். எனக்கு நோட்டுல எழுதிக் காட்டறா. ஷீட்டை நனைக்கோணுமாம், ஒடைக்கக் கூடாதாம், வெளக்குமாத்துல கூட்டக் கூடாதாம். சரிம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில ராயப்பனைக் கூட்டிக்கிட்டு சுத்தியலோட மேல ஏறிட்டேன். அவ வர்றதுக்குள்ள முடிச்சரலாம்னு.

சமையல்கட்டு மேல ரெண்டு ஷீட்டு ஒடச்சிருப்பேன். கேட்டுல ஆட்டோ வந்து நிக்குது. சுகுணா எறங்குனா. பாப்பாவை மாமியா வீட்ல விட்டுட்டு வந்திருந்தா. மேல என்னைப் பாத்தா. நேரா வீட்டுக்குள்ள போயிட்டா.

போயி சமையல்கட்டுல, நான் ஒடச்ச ஓட்டைக்கு நேர் கீழ நின்னுட்டாளுங்க.

வெயில் அந்த ஓட்டை வழியா உள்ள உளுகுது. அந்த வெளிச்சத்துல தூசி அத்தனையும் மின்னி மின்னி எறங்குது, அவ தலை மேல, தோள் மேல. முந்தானையைக் கூட மூக்குல வெக்கல. அண்ணாந்து என்னைப் பாக்கறா.

"வெளிய போ அம்மிணி. தூசி உளுகுது"ன்னேன்.

"தூசிதானப்பா. ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான சொல்றீங்க. அடிங்க."

"போன்னா போ."

"அம்மா முப்பத்தஞ்சு வருஷம் நின்னா. நான் ஒரு நாள் நிக்கறேன். நீங்க அடிங்கப்பா."

சுத்தியலை ஓங்கினேனுங்க. பொய் சொல்லக்கூடாது, ஓங்கினேன். கை எறங்கல. அவ மூஞ்சி அப்படியே அவங்கம்மா மூஞ்சி. அண்ணாந்து பாக்கறதும் அதே மாதிரி. ராயப்பன் அவன் சுத்தியலைக் கீழ வெச்சுட்டு, "எறங்கு ஆறுச்சாமி"ன்னான். எறங்கிட்டேன்.

நான் சொன்னது தப்புன்னு எறங்கல. கை வரல, அவ்வளவுதான்.

அப்பறம் அவ சொன்னபடியே ஆச்சு. ஒடைஞ்சதை மொதல்ல தண்ணி தெளிச்சு, ஈரத்துணியில ஒத்தி எடுத்தோம். அந்தத் துணியையும் பையில போட்டுக் கட்டியாச்சு. மூஞ்சியோட ஒட்டிப் புடிக்கிற மாதிரி, ரெண்டு பக்கமும் டப்பா வெச்ச மாஸ்க்கு வாங்கியாந்தா. மருந்துக்கடை மாஸ்க்கு இதுக்கு ஆகாதாம். தலையில இருந்து கால் வரைக்கும் மூடற ஒரு அங்கி, போட்டுட்டு எறியறது. வயலுக்கு மருந்தடிக்கிற டப்பாவுல சோப்புத்தண்ணி ஊத்தி ஷீட்டை நனைச்சுக்கிட்டே இருக்கோணும். போல்ட்டு துருப்புடிச்சிருந்தா ஷீட்டை நெம்பக்கூடாது, போல்ட்டைத்தான் அறுக்கோணும், அதுவும் கையால, மிஷின் வெக்கக்கூடாது. ஷீட்டு மேல கால் வெக்கவே கூடாதுங்க. அது எனக்கு முன்னாலயே தெரியும். பழைய ஷீட்டு சொல்லாமக் கொள்ளாம ஒடையும், மூணு பேரு அப்படி உளுந்து செத்ததை நான் பாத்திருக்கேன். ஏணியும் பலகையும் வெச்சு, கீழ இருந்தே கழட்டி, முழுசு முழுசாக் கைமாத்தி எறக்கி, கெட்டிப் பாலித்தீன்ல ரெண்டு சுத்துச் சுத்தி டேப்பு ஒட்டி, மேல என்னன்னு எழுதி வெச்சோம். முழுசா ரெண்டு நாளு. அபாயக் கழிவு எடுக்கற லாரிக்கு அவ பதினேழு போன் பண்ணினா. மூணு வாரம் கழிச்சு வந்து எடுத்துட்டுப் போனாங்க. அதுவரைக்கும் அந்த மூட்டையெல்லாம் செவுத்தோரம் கெடந்துச்சு.

அந்த ரெண்டு நாளும் நாங்க வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுனோம். நனைங்க, புடிங்க, மெதுவா. அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், வேலை சுத்தமா இருந்துச்சு. முப்பத்தெட்டு வருஷத்துல அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் செஞ்சதில்லீங்க. கீழ ஒரு பொட்டுத் தூசி இல்ல.

அதுக்கப்பறம் அவ என்னை விடல. நெஞ்சுக்குப் படம் எடுக்கோணும்னு அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு அவரு சொன்னாரு, நுரையீரல் ஓரத்துல பழைய தழும்பு இருக்குது, வருஷா வருஷம் வந்து காட்டுங்க, இப்பத்திக்குப் பயப்படற மாதிரி ஒண்ணுமில்லன்னு.

எனக்கு ஒண்ணுமில்லீங்க.

வெளிய வராந்தாவுல வந்ததும் நான் சுகுணாகிட்ட சொன்னேன். "பாத்தியா அம்மிணி. அறுத்தவன் நான், துளை போட்டவன் நான், முப்பத்தெட்டு வருஷம் அதைத் தின்னவன் நான். எனக்கு ஒண்ணுமில்ல. சட்டையில ஒட்டியிருந்ததை ஒதறுனவளுக்கு எப்படி வரும்? அது புகைதான். அடுப்புப் புகை. இப்பவாவது ஒத்துக்க."

சத்தமாப் பேசிட்டேன்னு நெனைக்கறேன். அங்க உக்காந்திருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கையை வீசிப் பேசுனதுல அந்தப் படம் போட்ட கவர் கீழ உளுந்துருச்சு. சுகுணா குனிஞ்சு எடுத்தா. என் கையைப் புடிச்சு பெஞ்சுல உக்கார வெச்சா. பக்கத்துல உக்காந்து, கவரை மடியில வெச்சுக்கிட்டு, "ஆமாப்பா. புகைதான்"னா.

கேட்டீங்களா. அவ வாயாலயே சொல்லிட்டா. படிச்சவ, சயின்ஸ் டீச்சர், தெரியாமச் சொல்லுவாளா? ஆனா அதைச் சொல்லும்போது என் மூஞ்சியைப் பாக்கலீங்க. கவரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. என் கையை விடவும் இல்ல.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். ஷீட்டு விரிசல் விட்டுருக்குதா, நல்லா இருக்குதா? நல்லா இருந்தா தொடவே வேண்டாமுங்க, துளை போடாம, சொரண்டாம விட்டா அது பாட்டுக்கு இருக்கும். ஒடைஞ்சிருக்குதா. அப்ப எறக்கித்தான் ஆகோணும். கைக்குழந்தை இருக்குதுன்னீங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உங்க ஊட்டம்மாவையும் குழந்தையையும் அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருங்க. திங்கக்கிழமையும் அங்கயே இருக்கட்டும், நான் ஒருக்கா ஈரத்துணி போட்டுத் தொடைச்சுட்டுச் சொல்றேன். பின்னால எனக்குக் குளிக்க ஒரு எடம் வேணும். என்ற துணியை நானே கட்டி எடுத்துக்குவேன், உங்க வீட்ல யாரும் அதைத் தொடக்கூடாது.

எதுக்குன்னு உங்க ஊட்டம்மா கேட்டா, கெழவன் ஒரு மாதிரின்னு சொல்லிருங்க.